சமநிலைத் தண்டும் குடாநாட்டு மணலும்

வானின் முன்புறத்திலிருந்து ‘கடக், கடக்’ என்றோர் ஒலி எழுகின்றது. ஒழுங்கையிலுள்ள குழியில் ஒரு சில்லு இறங்கும்போதெல்லாம் அது கேட்கின்றது. திருத்துபவர் வாகனத்தின் கீழே படுத்துப் பார்த்து, சாண் நீளமுள்ள இணைப்புக் கம்பியொன்றின் மூட்டுத் தேய்ந்துவிட்டது என்கின்றார். புதியது கொழும்பிலிருந்து வரவேண்டும். அதுவரைக்கும் பழையதைக் கழற்றிவிட்டால் சத்தம் நின்றுவிடும், வாகனமும் ஓடும். சொன்னபடியே சத்தம் நிற்கின்றது, வாகனமும் ஓடுகின்றது. குழியும் மேடுமான வழியில் முன்னிலும் சுகமாகவே ஓடுகின்றது. புதிய கம்பி வந்ததா இல்லையா என்பதை அதன்பின் எவரும் விசாரிப்பதில்லை.

இவ்வாறு செயலிழந்து போவது சமநிலைத் தண்டு என்னும் உறுப்பு. வாகனத் தொழிலில் ஈடுபட்டோர் இதனை ‘ஸ்ரெபிலைசர் பார்’ என்பர். சத்தத்துக்கு அஞ்சிக் கழற்றுவோர் ஒருபுறமிருக்க, வேண்டுமென்றே கழற்றுவோரும் உளர். வீதியை விட்டு விலகி, காட்டிலும் கல்லிலும் மணலிலும் ஜீப் வண்டி ஓட்டுவதில் நாட்டமுள்ளோர் அவர்கள். இத்தண்டு இல்லாதிருந்தால் சில்லுகள் மேலும் கீழும் தாராளமாக அசைந்து நிலத்தைப் பற்றும் என்பது அவர்களுடைய வாதம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் எந்த வண்டிக்கு, எந்த நிலத்தில் அது உண்மை என்று கேட்கும்போதுதான் விடயம் சிக்கலாகின்றது. மலையே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை சற்று எதிர்பாராதது.

தண்டின் தொழிலை முதலில் அறிதல் வேண்டும். வலச் சில்லையும் இடச் சில்லையும் தொடுக்கும் வளைந்த உருக்குக் கம்பி அது. அதன் நடுப்பகுதி வண்டியின் சட்டத்தில் இரு றப்பர் புஷ்களுக்குள் சுழலக்கூடியதாகப் பொருத்தப்பட்டிருக்கும். இரு முனைகளும் மடங்கி, சிறிய இணைப்புக் கம்பிகளின் வழியாகச் சில்லுகளைத் தாங்கும் கைகளோடு பூட்டப்பட்டிருக்கும். தோய்த்த சேலையொன்றின் இரு தலைப்புகளையும் இருவர் பிடித்திருப்பதாக எண்ணுக. இருவரும் ஒரே பக்கமாகத் திருப்பினால் சேலை வெறுமனே சுழலும். எதிரெதிராகத் திருப்பினாலோ அது முறுகி, கைகளை எதிர்க்கும். தண்டின் இயல்பும் இதுவே. இரு சில்லுகளும் ஒன்றாக ஒரு மேட்டில் ஏறும்போது அது சும்மா சுழன்று கொடுக்கும். ஒன்று ஏறி மற்றது இறங்கும்போது முறுகி, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர முயலும்.

வளைவில் வண்டி திரும்பும்போது உடல் வெளிப்புறமாகச் சாய்கின்றது. அப்போது வெளிப்புற ஸ்பிறிங் அமுங்க, உட்புற ஸ்பிறிங் விரிகின்றது. இவ்விடத்தில்தான் தண்டு முறுகித் தன் கடமையைச் செய்து சாய்வைக் குறைக்கின்றது. இத்தகைய சாதனமொன்றுக்குக் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தைச் சேர்ந்த ஸ்டீவன் கோல்மன் என்பார் 1919ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். தண்டின் தடிப்பில் நேரும் சிறு மாற்றமும் பெரும் விளைவைத் தரும். ஏனெனில் அதன் முறுக்கு வலிமை விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுகின்றது. 25 மில்லிமீற்றர் தண்டுக்குப் பதிலாக 28 மில்லிமீற்றர் தண்டைப் பூட்டினால், கண்ணுக்குத் தெரியும் வேற்றுமை 3 மில்லிமீற்றர் மாத்திரமே. வலிமையோ ஏறக்குறைய 57 வீதம் கூடிவிடும்.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்கிவிடுதல் நன்று. 1948இல் வெளிவந்து யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர் காரின் முன்புறத்தில் நீளவாட்டில் இரு தண்டுகள் உண்டு. பழைய பஜரோ, ஹைஏஸ் வண்டிகள் பலவற்றிலும் அத்தகைய தண்டுகளைக் காணலாம். அவை சமநிலைத் தண்டுகள் அல்ல. அவையே ஸ்பிறிங்குகள், வண்டியின் பாரத்தைத் தாங்குபவை. அவற்றைக் கழற்றினால் வண்டி அக்கணமே கீழே குந்திவிடும். சமநிலைத் தண்டு அவ்வாறன்று; அது எந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை. கழற்றியபின் நிறுத்தி வைத்துள்ள வண்டியைப் பார்த்தால் எந்தக் குறையும் தோன்றாது. இதன் குறை ஓட்டத்தில் மாத்திரம், அதிலும் ஒரு சில கணங்களில் மாத்திரம் வெளிப்படும் என்பதே இதைப் பற்றிய அசட்டைக்கு முதற்காரணம்.

இரண்டாவது காரணம் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றில் உள்ளது. 1990இன் பின் பெற்றோலும் மின்கலமும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உடைந்த உறுப்புக்கு மாற்று உறுப்பு இல்லை. ஒன்று அதைக் கையாலே செய்ய வேண்டும், இன்றேல் அது இல்லாமலே ஓட்டப் பழக வேண்டும். அக்காலத்துத் தொழிலாளரின் திறமை சாதாரணமானதன்று. குண்டும் குழியுமான வீதிகளில் மிக மெதுவாக ஊர்ந்த வண்டிகளுக்குச் சமநிலைத் தண்டு இல்லாமை ஒரு குறையாகவும் இருக்கவில்லை. மொறிஸ் மைனரில் அது தொடக்கத்திலிருந்தே இல்லை. போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பிலும் 1948ஆம் ஆண்டின் லாண்ட் றோவரிலும் இல்லை. அவற்றின் தடித்த பிளேட் ஸ்பிறிங்குகளே உடலை அதிகம் சாயவிடாதவை.

காலம் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. 2009இல் போர் முடிந்தபின் கண்டி வீதியும் பிற பெருவீதிகளும் செப்பனிடப்பட்டு ‘காப்பற்’ வீதிகளாயின. முன்பு ஊர்ந்த இடத்தில் இப்போது வாகனங்கள் 70 கிலோமீற்றர் வேகத்தில் செல்கின்றன. சில அதனினும் விரைகின்றன. வாகனங்களின் அமைப்பும் வேறு. இக்காலத்து வானும் டபிள் கப்பும் மென்மையான ஸ்பிறிங்குகளை உடையவை. சாய்வைத் தாங்கும் பொறுப்பில் ஒரு பெரும் பங்கைத் தண்டிடம் ஒப்படைத்தே அவற்றை அமைத்திருக்கின்றார்கள். தண்டு இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஸ்பிறிங் மென்மையாக்கப்பட்டது. ஒன்றை நீக்கிவிட்டு மற்றதை அப்படியே வைத்திருப்பது பழைய லாண்ட் றோவரின் நிலைக்கு மீள்வதாகாது.

இரவு வேளையில் ஆனையிறவைக் கடந்து தெற்கே செல்லும் வானொன்றை எடுத்துக்கொள்ளலாம். கூரையில் பொதிகள், உள்ளே பன்னிரண்டு பேர். வீதியின் நடுவே மாடொன்று எழுந்து நிற்கின்றது. சாரதி வலப்புறம் வெட்டி விலகுகின்றார். எதிரே வெளிச்சத்தைக் கண்டு உடனே இடப்புறம் திருப்புகின்றார். முதல் வெட்டில் வண்டியின் உடல் இடப்பக்கம் சாய்கின்றது. அந்தச் சாய்வு நிமிரும் வேகமும், இரண்டாவது திருப்பத்தில் எதிர்ப்பக்கம் சாயும் வேகமும் ஒன்றுசேர்ந்து, ஊஞ்சலை இருவர் அடுத்தடுத்து உந்தியதுபோல் ஆகின்றது. வண்டி குடைசாயும் ஆபத்து பெரும்பாலும் முதல் வெட்டில் அன்று, இரண்டாவதிலேயே உள்ளது. தண்டு தன் பணியைச் செய்துகொண்டிருந்தால் முதற் சாய்வு சிறியதாகவே இருந்திருக்கும். ஊஞ்சல் அவ்வளவு உயரம் போயிராது.

குடைசாய்வதற்கான அடிப்படைக் கணக்கு எளியது. வண்டியின் பாரமையம் நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றது, வலச் சில்லுக்கும் இடச் சில்லுக்கும் இடைத்தூரம் எவ்வளவு என்னும் இரண்டுமே அதற்கு வேண்டுவன. இடைத்தூரம் 1.5 மீற்றர், பாரமைய உயரம் 75 சதமமீற்றர் என்றால், இடைத்தூரத்தின் பாதி உயரத்துக்குச் சமமாகின்றது. வண்டியின் நிறைக்குச் சமமான பக்கவிசை வந்தால்தான் அது கவிழும். கூரையில் பொதி ஏற்றி அந்த மையத்தை 95 சதமமீற்றருக்கு உயர்த்திவிட்டால், நிறையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் குறைந்த விசை போதும். சமநிலைத் தண்டு இந்தக் கணக்கை அடியோடு மாற்றிவிடுவதில்லை. பாரம் ஏற்றிய வண்டியைக் கவிழாத வண்டியாக்கும் மந்திரம் அதனிடம் இல்லை. உடலின் ஊசலை அடக்கி, கணக்கு இடந்தரும் எல்லைக்குள் வண்டியை வைத்திருப்பதே அதன் வேலை.

அதற்கு வேறொரு வேலையும் உண்டு. அது பலருக்குத் தெரியாது. வளைவில் உட்புறச் சில்லிலிருந்து வெளிப்புறச் சில்லுக்கு மாறும் பாரத்தை, முன் அச்சும் பின் அச்சும் எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது என்பதைத் தீர்மானிப்பதில் முன் தண்டுக்கும் பின் தண்டுக்கும் பெரும் பங்கு உண்டு. முன் தண்டை மட்டும் கழற்றினால், சாய்வைத் தாங்கும் சுமையின் பெரும்பகுதி பின் சில்லுகளின்மேல் விழும். மழை நனைத்த வீதியில் திடீரென்று திருப்பும்போது பின்புறம் வழுக்கி வெளியே வீசும் இயல்பு அதனால் கூடுகின்றது. பின் தண்டை மட்டும் கழற்றினாலோ வண்டி திரும்ப மறுத்து நேரே போக முனையும். எதையும் வாகனம் அமைத்தவர்கள் அளந்து வைத்த சமநிலையாக எண்ணாமல், தனித்தனி இரும்புத் துண்டாக எண்ணுவதால் வரும் வினை இது.

ஒரு பக்கத்து இணைப்புக் கம்பியைக் கழற்றினால் மற்றப் பக்கம் பாதி வேலையாவது செய்யும் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. அது முற்றிலும் பிழை. சேலையின் ஒரு தலைப்பை விட்டுவிட்டு மற்றதை எவ்வளவு திருப்பினாலும் அது முறுகாது. ஒரு முனை விடுபட்ட தண்டும் அப்படியே; அது இருந்தும் இல்லாததே. போதாததற்கு, கட்டாமல் விட்ட முனை தொங்கி அசைந்து பிரேக் குழாயையோ ரயரையோ உரசக்கூடும்.

இனி, வேண்டுமென்றே கழற்றுவோரின் பக்கம் வரலாம். வண்டியின் அச்சில் உள்ள டிஃபரன்ஷியல், இயந்திரத்தின் முறுக்குவிசையை இரு சில்லுகளுக்கும் சமமாகப் பங்கிடும் அமைப்பு. தடியொன்றின் இரு முனைகளையும் இருவர் தோளில் வைத்துச் சுமை கொண்டுபோகும்போது ஒருவர் தோளை எடுத்துவிட்டால், மற்றவர் எவ்வளவு பலசாலியாயினும் சுமை நகராது. அதுபோல் ஒரு சில்லு அந்தரத்தில் தூக்கப்பட்டுவிட்டால் அது வீணே சுழல, நிலத்தைப் பற்றி நிற்கும் சில்லுக்கும் வலிமை கிடைக்காமற்போகும். கற்பாறைகளுக்கிடையே முன் இடச் சில்லும் பின் வலச் சில்லும் ஒரே வேளையில் பள்ளத்துக்கு மேலே நிற்க நேர்ந்தால், நான்கு சில்லிலும் ஓடும் ஜீப்பும் அசையாது நின்றுவிடும். சமநிலைத் தண்டைக் கழற்றிவிட்டால் பள்ளத்துச் சில்லு இன்னும் கீழே இறங்கி நிலத்தைத் தொட முடியும். அவர்களுடைய வாதத்தின் சாரம் இதுவே, அதில் பிழையில்லை.

வண்டி அமைப்போரும் இதை ஏற்றுக்கொண்டிருக்கின்றார்கள். 1997இல் வெளிவந்த நிசான் பற்றோல் வகைகள் சிலவற்றில், பின் தண்டைச் சாரதி இருக்கையிலிருந்தே விடுவிக்கும் பொறி இருந்தது. 2007ஆம் ஆண்டு முதல் ஜீப் நிறுவனத்தின் றாங்லர் றூபிகன் வண்டியில், முன் தண்டை மின்விசையால் நடுவே பிரிக்கும் அமைப்பு வந்தது. வேகம் ஏறக்குறைய 29 கிலோமீற்றரைத் தாண்டியதும் அது தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும் என்பது கவனிக்கத்தக்கது. அவுஸ்திரேலியாவில் உருவான ஒரு முறையைத் தழுவி ரொயோற்றா நிறுவனம் 2004 முதல் பயன்படுத்திய அமைப்பில், முன் தண்டும் பின் தண்டும் எண்ணெய்க் குழாய்களால் இணைக்கப்பட்டுள்ளன. பாறையில் ஏறும்போது எண்ணெய் தாராளமாக ஓடித் தண்டுகளை விடுவிக்கும். வளைவில் ஓட்டம் தடைப்பட்டுத் தண்டுகள் இறுகும். இம்மூன்றில் எதுவும் தண்டை நிரந்தரமாக எடுத்தெறியவில்லை. வேண்டாத இடத்தில் விடுவித்து, வேண்டிய இடத்தில் பூட்டிக்கொள்வதற்கே அவ்வளவு பொருளும் அறிவும் செலவிடப்பட்டன.

இந்த வாதத்தைக் குடாநாட்டு நிலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சுண்ணக்கல் தட்டின்மேல் அமைந்த தட்டையான நிலம் இது. வீதியை விட்டு விலகினால் எதிர்ப்படுவன மூன்று: மணல், உவர்த் தரவை, கல். இவற்றுள் கல் நிலத்தில் மட்டுமே தண்டைக் கழற்றுவதற்குப் பொருள் உண்டு. நெடுந்தீவில் முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் தலைநீட்டும் பாதைகளில் ஒரு சில்லு ஏற மற்றது இறங்குவது இயல்பு. அங்கே கட்டை அச்சுடைய பழைய ஜீப் வண்டிக்கு அது உதவக்கூடும். முன் சில்லுகள் தனித்தனியே அசையும் இக்காலத்து டபிள் கப்பில் சில்லின் இறக்கத்தைத் தாங்கு கைகளே வரையறுத்துவிடுகின்றன. தண்டைக் கழற்றிக் கிடைப்பது சொற்பமே.

மணற்காட்டுக்கு வருவோம். பருத்தித்துறைக்குத் தெற்கே, வடமராட்சி கிழக்கின் கரையோரம் காற்று குவித்த மணல் மேடுகள் அவை. பழைய அந்தோனியார் ஆலயத்தின் இடிபாடு இன்றும் அம்மணலிடையே நிற்கின்றது. மணலில் வண்டி புதைவதற்குக் காரணம் சில்லு அந்தரத்தில் தொங்குவதன்று. நான்கு சில்லுகளும் மணலைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. பாரத்தைத் தாங்க முடியாமல் மணல் விலகுவதே காரணம். அதற்கு மருந்து ரயரின் காற்றைக் குறைப்பது. வீதியில் 35 இறாத்தல் காற்றோடு ஓடும் ரயரை 18 இறாத்தலளவுக்கு இறக்கினால், அது நீண்டு பரந்து பாரத்தைப் பரப்பும். ஒரு சாவியும் தேவையில்லாத வேலை அது. வண்டியின் கீழே படுத்து அரை மணி நேரம் தண்டோடு மல்லுக்கட்டியவர், ரயரின் வால்வைத் தொடாமலே மணலில் இறங்கிப் புதைவதும் உண்டு. மணல் மேட்டின் பக்கச் சரிவில் குறுக்காகச் செல்லும்போது தண்டு இல்லாமை நேரடியான ஆபத்தாகவும் ஆகின்றது. உடல் பள்ளப்பக்கமாக மேலும் சாய்ந்து, ஏற்கனவே அமுங்கிய கீழ்ச் சில்லின்மேல் பாரத்தைக் குவிக்கும். அச்சில்லு மணலுக்குள் இறங்கினால் வண்டி புரளும்.

தவிரவும் அம்மேடுகள் பந்தயத் திடல் அல்ல. அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் வேரோடித்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. ரயர் ஒருமுறை அரைத்துச் சென்ற இடத்தில் அவை மறுபடி படர நாட்செல்லும், காற்றோ காத்திருப்பதில்லை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் உற்றாரை இழந்த ஊர்கள் அக்கரையில் வரிசையாக உள்ளன. மேலும் தெற்கே, முகமாலைப் பகுதியில் கண்ணிவெடி அகற்றும் பணி போர் முடிந்தபின்னும் பல்லாண்டு நீடித்தது. வழியை விட்டு விலகுதல் என்பது அங்கே வேறொரு பொருளைப் பெற்றிருந்தது.

தரவையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலே உப்புப் பொருக்கும் கீழே சேறுமாக உள்ள அந்நிலம் பொருக்கு உடைந்தால் வண்டியை விழுங்கும். தண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு ஒன்றே. உழவு இயந்திரத்தைத் தேடிப் போவதுதான்.

குடாநாட்டில் தண்டின் தேவை மிகுந்த இடங்கள் வீதியிலேதான் உள்ளன. வல்லை வெளியில் தொண்டைமானாற்றுக் கடனீரேரியின் மேலாக வரும் காற்றுக்குத் தடுப்பு எதுவும் இல்லை. பண்ணையிலிருந்து தீவகம் செல்லும் பாலமும், பொன்னாலையிலிருந்து காரைநகர் செல்லும் பாலமும் இருபுறமும் வெறும் நீர். கரையோரத்திலிருந்து விடியற்காலையில் மீன் ஏற்றிவரும் உயர்ந்த பெட்டி வண்டியைப் பக்கக் காற்று சுவரைத் தள்ளுவதுபோல் தள்ளும். அருகே துவிச்சக்கர வண்டியில் செல்பவருக்கும் அந்தப் பெட்டி வண்டிக்கும் இடையே ஒரு முழ இடைவெளியே இருக்கின்றது. அந்த ஒரு முழத்தைக் காத்துத் தருவதில் சாரதியின் கைக்கு உதவியாக இருப்பவற்றுள் ஒன்று, சத்தம் போடுகின்றதென்று கழற்றி மூலையில் எறியப்பட்ட அந்தக் கம்பி.

தேய்ந்த மூட்டைச் சோதிப்பது அரிதன்று. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கல் வைத்துச் சில்லுகளைத் தடுத்தபின் இணைப்புக் கம்பியைக் கையாற் பிடித்து அசைத்தால், நல்ல மூட்டு இறுக்கமாக நிற்கும். தேய்ந்தது ‘டக்’கென்று ஆடும். நடுவிலுள்ள றப்பர் புஷ் வெடித்திருந்தாலும் அதே ஒலி எழும். பலவேளை குற்றம் அதனிடமே இருக்க, கம்பி பழியேற்றுக் கழற்றப்படுகின்றது. மாற்றும்போது இரு பக்கத்தையும் ஒன்றாக மாற்றுவது முறை. கல் நிலத்தில் ஓட்டுவதற்காகத் தாமே கழற்றுவோர் முன் தண்டின் இரு இணைப்புகளையும் கழற்றி, தண்டின் முனைகளைச் சட்டத்தோடு மேலே கட்டிவைக்க வேண்டும். சில்லு முழுவதும் இறங்கும்போது பிரேக் குழாய் இழுபடுகின்றதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பிப் பூட்டுவதற்கு மட்டமான இடம் அவசியம். ஒரு சில்லு மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் நின்றால் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தா. பொருந்தாததைச் சுத்தியலால் பொருத்தினால் புதிய புஷ் அன்றைக்கே கிழியும். வீதிக்கு ஏறுமுன், ரயருக்குக் காற்று நிரப்பும் அதே இடத்தில் அதே வேளையில் இதையும் முடித்துவிடுவது வசதியானது. நட்டுகளை இறுக்கிய பின் ஓரிரு கிலோமீற்றர் மெதுவாக ஓடி, நிறுத்தி, மறுபடியும் ஒருமுறை சாவி போட்டுப் பார்ப்பார்கள் பழக்கமுள்ளவர்கள். புதிதாகப் பூட்டிய றப்பர் படிந்ததும் நட்டு அரைச் சுற்றாவது இளகியிருப்பது வழக்கம்.